இறக்கத்துக்கும் காசு உண்டா?

தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் காலை ஐந்தரை மணிக்குப் புறப்படும் இட்லிக்கார அண்ணாச்சியின் சைக்கிளை ஒருமுறை வாங்கித் தள்ளிப் பார்த்தேன். பத்தடி போவதற்குள் வண்டி என்னைத் தள்ளத் தொடங்கிவிட்டது. பின்னால் அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லி, அதன் மேல் வடை, ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் சாம்பார் தூக்கு, மறுபக்கம் சட்னி, நடுவில் ரப்பர் உருண்டை வைத்த ஹாரன். அந்த 'பாம் பாம்' கேட்டால் மராத்தி வீட்டுப் பிள்ளைகளும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து ஓடி வருவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "அதை யார் அளந்தார்கள்? இட்லி தீரும்வரை" என்றார்.

அவரிடம் நான் நன்கொடை கேட்கப் போனது ஜூன் மாதக் கடைசியில். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மலை மேலிருக்கும் லோனாவளா வரை சைக்கிளில் போய், அன்றைக்கே திரும்பி வரப் போகிறோம், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெயருக்கு நேரே எழுத வேண்டும் என்று விளக்கினேன்.

"லோனாவளாவில் என்ன விற்கப் போகிறீர்கள்?"

"ஒன்றும் விற்கவில்லை, அண்ணாச்சி. போவோம், திரும்புவோம்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஏற்றத்துக்குச் சரி, தம்பி. இறக்கத்தில் வண்டி தானாக ஓடுமே. இறக்கத்துக்கும் காசு உண்டா?"

கேலியாகத்தான் கேட்டார். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று எழுதவும் சொன்னார். போகிற போக்கில் என் சைக்கிளின் பிரேக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கட்டை தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடு" என்றார். நான் அப்போதுதான் மூவாயிரம் ரூபாய் கொடுத்து மழைச் சட்டை வாங்கியிருந்தேன். ஹெல்மெட்டும் கையுறையும் புதிது. கைபேசியை ஹேண்டில்பாரில் பொருத்தும் தாங்கி வேறு. இத்தனைக்கும் நடுவில் இட்லி விற்கிறவர் சொன்ன பிரேக் கட்டை என் மண்டையில் ஏறவில்லை.

எதற்காக இந்தப் பணம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் பத்தாம் வகுப்பு எழுதும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. பெரிய அமைப்பெல்லாம் இல்லை. இரும்பு ஏணி வழியாக ஏறிப் போகும் ஒரு மாடி அறை, இரண்டு குழல்விளக்கு, ஒரு கரும்பலகை. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் வீடு என்பது பத்துக்குப் பத்து அடி. அம்மா சமைக்கும் நேரத்தில் அங்கே புத்தகத்தை விரிக்க முடியாது. அப்பா இரவு வேலை முடித்து வந்து தூங்கும் நேரத்தில் விளக்குப் போட முடியாது. பாடம் சொல்லித் தருவதைவிட உட்கார இடம் தருவதுதான் அந்த அறையின் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும். வாடகை மாதம் 8,000 ரூபாய், வருடத்துக்கு 96,000. எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஒருவருக்குப் புத்தகச் செலவு, இன்னொருவருக்குத் தேர்வுக் கட்டணம் என்று பிரித்துக்கொண்டதில் எனக்கு விழுந்தது வாடகை.

நோட்டில் 43 பேர் எழுதியிருந்தார்கள். ஒரு ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. கூட்டினால் கிலோமீட்டருக்கு 612. செம்பூரிலிருந்து போய்த் திரும்ப 157 என்று வரைபடம் சொன்னது. பெருக்கிப் பார்த்தேன்: 96,084. வாடகைக்கு மேல் 84 ரூபாய். இவ்வளவு கச்சிதமாக ஒரு கணக்கு அமைந்தால் ஏதோ கோளாறு வரப் போகிறது என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "தருகிறவன் தரட்டும், வாங்குகிறவன் வாங்கட்டும். நடுவில் நீ எதற்கு மழையில் நனைய வேண்டும்?"

"நீ திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தாயே அம்மா, அதற்கு ரயில் இருந்ததே?"

"நான் நடந்தது முருகனுக்குத் தெரியும். நீ மிதிப்பது யாருக்குத் தெரியும்?"

"கைபேசியில் பதிவாகும்."

"அது முருகனா?" என்று கேட்டுவிட்டு, ஐந்து ரூபாய் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. இந்த வகை நிதி திரட்டலில் கொஞ்சம் நாடகம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் போன வருடம் சும்மா நன்கொடை கேட்டபோது ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு மறந்துபோன அதே உறவினர், இந்த வருடம் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் எழுதிவிட்டு அன்று ஒரே நாளில் ஐந்து முறை தொலைபேசியில் அழைத்தார். எங்கே இருக்கிறாய், மழை எப்படி, சாப்பிட்டாயா? நான் பன்வேலைத் தாண்டியதும் அவருக்குத் தன் பணம் பன்வேலைத் தாண்டிய மாதிரி இருந்ததாம்.

*

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை நாலரை மணிக்குச் செடா நகர் முருகன் கோயில் படியடிவாரத்தில் கூடினோம். திருச்செம்பூர் முருகன் என்பார்கள். ஏறிப் பார்க்க 108 படிகள். அன்று எவரும் ஏறவில்லை. முழங்காலை மிச்சப்படுத்த வேண்டும் என்பது எல்லோருடைய ஒருமித்த பக்தி. ராய்கட் மாவட்டத்துக்கும் மலைப்பகுதிக்கும் ஆரஞ்சு எச்சரிக்கை என்று முந்தைய இரவே செய்தி வந்திருந்தது. 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டரைத் தாண்டினால் வானிலைத் துறையின் கணக்கில் அது மிகக் கனமழை. ஆறு பேரில் ஒருவர் வானத்தைப் பார்த்து, கையைக் கூப்பி, வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அன்று எங்களில் புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

மான்கூர்ட், வாஷிப் பாலம், நெருல், பேலாப்பூர், கலம்போலி. இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருட்டு, லாரி, பள்ளம், மறுபடி லாரி. மழை பெய்த சாலையில் பள்ளமும் தேங்கிய தண்ணீரும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், முன்னால் போகிறவர் கையைக் கீழே காட்டிக்கொண்டே போவார். அந்தக் கையை நம்பித்தான் பின்னால் நாலு பேர். பன்வேலைத் தாண்டியபின் விடிந்தது. மும்பை-புனே விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. எங்களுக்குப் பழைய சாலைதான். அதுவே நல்லது. பழைய சாலையில்தான் டீக்கடை இருக்கிறது.

சௌக் என்ற ஊரில் தார்ப்பாய் கட்டிய ஒரு கடையில் நின்றோம். தேநீர் போட்ட அம்மாள் எங்கள் கோலத்தைப் பார்த்து, "வாரிக்கா?" என்று கேட்டார். அது ஆஷாட மாதம். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரம் நோக்கிப் போகும் வாரி யாத்திரைக் காலம். லட்சக்கணக்கானவர்கள் மழையில் நடப்பார்கள். சைக்கிளிலும் சிலர் போவதுண்டு. என் நண்பர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள், வாரிக்குப் போகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை என்று சொல்லி, இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை நீட்டிவிட்டார். குடித்து முடித்தபின் மனசு கேட்கவில்லை. வாரி இல்லை மாவுஷி, லோனாவளா வரைதான், பிள்ளைகள் படிப்புக்குப் பணம் சேர்க்கிறோம் என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அப்படியானால் எழுபத்தைந்து ரூபாய்" என்றார்.

கொடுத்தோம். நூறு ரூபாய்த் தாளுக்கு மீதி சரியாக வந்தது. விட்டலன் கணக்கு வேறு, வாடகைக் கணக்கு வேறு என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

*

கோபோலியை நெருங்கும்போது மலைச்சரிவில் பருத்த குழாய்கள் இறங்குவது தெரியும். அன்று மேகம் ஒரு நிமிடம் விலகியதில் தெரிந்தது. மேலே லோனாவளாப் பக்கத்து ஏரிகளில் பிடித்து வைத்த மழைநீரைக் குழாய் வழியே ஐந்நூறு மீட்டருக்கு மேல் கீழே விட்டு, 1915 முதல் இங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். பம்பாயின் பஞ்சாலைகளுக்காக டாட்டா தொடங்கிய நீர்மின் நிலையம். அண்ணாச்சியின் கேள்வி நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். இறக்கத்துக்குக் காசு உண்டா என்று கேட்டால், நூறு வருடத்துக்கு மேலாக உண்டு என்று அந்தக் குழாய்கள் சொல்லும்.

கோபோலியோடு சமவெளி முடிகிறது. இங்கிருந்து போர்காட் கணவாய். தமிழில் எழுதினால் ஏதோ சண்டை நடக்கும் காடு போலிருக்கிறது; அன்றைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று சஹ்யாத்ரி என்ற இந்த மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் மோதி மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் சுமந்து வந்ததையெல்லாம் இங்கேயே கொட்டிவிடும். லோனாவளாவில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் கிழக்கே உள்ள புனேயில் எழுநூறு சொச்சம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது திருநெல்வேலியில் வெயில் காய்வதைப் பார்த்து வளர்ந்த வீட்டுக்காரன் எனக்கு இது புதிதல்ல. ஆனால் குற்றாலச் சாரல் தோளில் கை போடும். சஹ்யாத்ரி மழை கன்னத்தில் அறையும். மூவாயிரம் ரூபாய்ச் சட்டை இரண்டாவது வளைவில் தோற்றது. வெளியே மழை, உள்ளே வியர்வை. நடுவில் அந்தத் துணி எதையும் தடுக்காமல் எடையை மட்டும் கூட்டியது. கழற்றிப் பையில் திணித்துவிட்டேன். அதன்பின் நன்றாக இருந்தது.

ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டுவதற்கு ஒரே வழி, மெதுவாக ஓட்டுவதுதான். முன்னால் மிகச் சிறிய பல்சக்கரம், பின்னால் மிகப் பெரியது. மணிக்கு ஆறு கிலோமீட்டர். ஒரு நாய் கூடவே நடந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் அலுத்துப்போய் முன்னே போய்விட்டது. சாலையின் உள்பக்கம் நூறு அடிக்கு ஒரு அருவி. பெயரில்லாத அருவிகள், ஜூனில் பிறந்து அக்டோபரில் காணாமல் போகிறவை. சிவப்புத் தண்ணீர் சாலையைக் குறுக்கே கடந்து பள்ளத்தாக்கில் விழும். எதிரே இறங்கி வரும் லாரிகளிலிருந்து பிரேக் கருகும் வாசனை. அந்த மழையிலும் அது மூக்கில் ஏறியது. பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்று லாரி ஓட்டுநர்களுக்காகப் பரிதாபப்பட்டேன். என் பிரேக்கைப் பற்றி அப்போதும் யோசனை வரவில்லை.

அந்தப் பக்கத்து மலையிலிருந்து ரயில் ஊதியது. மேகத்துக்குள் எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும். மும்பைத் தமிழர்களுக்கு இந்த மலை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம். நாகர்கோவில் வண்டியோ சென்னை வண்டியோ, கர்ஜத்தில் நிற்கும். பின்னால் பேங்கர் என்ஜின்களை மாட்டுவார்கள். அதற்குள் நடைமேடையில் வடா பாவ் வாங்க வேண்டும். 37 அடிக்கு ஓர் அடி உயரும் பாதை அது. முன்னால் இழுக்கும் என்ஜினால் மட்டும் முடியாது, பின்னாலிருந்து தள்ளினால்தான் லோனாவளா. சின்ன வயதில் கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால் தள்ளும் சத்தம் முதுகுக்குப் பின்னாலேயே கேட்கும். "ஊருக்குப் போவதற்கே ஒருத்தன் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருக்கிறது பார்" என்பார் அப்பா. ஒவ்வொரு வருடமும் அதையே சொல்வார்.

1856-இல் தொடங்கி 1863-இல் முடித்த பாதை. 25 சுரங்கங்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் 1859-இல் வந்து அதே வருடம் நோயில் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் அந்த ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து நடத்தினார். காலராவிலும் விபத்திலும் செத்த கூலிகள் பல்லாயிரம். அப்பா ஜன்னலோரம் இதையெல்லாம் சொன்னதில்லை, அவருக்குத் தெரிந்திருக்காது. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டபின் அந்தச் சுரங்கங்களின் இருட்டில் முன்போல் கூச்சல் போடத் தோன்றவில்லை.

எங்கள் கூட்டத்திலும் ஒரு பேங்கர் உண்டு. பாண்டுப்பில் இருக்கும் நண்பர், எப்போதும் கடைசியாக வருவார். எவராவது திணறினால் பக்கத்தில் வந்து ஒரு கையால் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே தன் வண்டியையும் மிதிப்பார். வேலை பார்ப்பதும் வங்கியில் என்பதால் பெயர் இரண்டு வழியிலும் பொருந்திவிட்டது. செங்குத்தான ஒரு வளைவில் அவர் உள்ளங்கை என் முதுகில் பட்டது. வேண்டாம் என்றேன். தள்ளி ஏற்றிய தூரத்துக்குக் காசு வாங்கலாமா என்ற வம்பு எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது. "இருபது அடிக்கு எவ்வளவு ஆகும், பன்னிரண்டு பைசாவா? நான் தந்துவிடுகிறேன்" என்றார் வங்கி அதிகாரி. நாலு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மூச்சு வாங்கும்போது நான் பெருக்கல் செய்வேன் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

வழியில் சிங்கரோபா கோயில். ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு இந்த மலையில் வழி காட்டிய தனகர் இடையன், கூலியாக நாட்டின் விடுதலையைக் கேட்டதால் சுட்டுக் கொல்லப்பட்டான் என்பது கதை. அவன் இப்போது சாமி. போகிற வண்டிகளிலிருந்து காசு விழும். நான் இறங்கி இரண்டு நாணயம் போட்டேன், ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. ஆடு மேய்த்தவனுக்கு இரண்டின் அருமையும் தெரியும் என்று ஒரு நினைப்பு.

மேலே ஓரிடத்தில் பழைய சாலையும் விரைவுச்சாலையும் ஒன்றாகிவிடும். சைக்கிள்காரனுக்கு நாள் முழுவதிலும் பயங்கரமான பகுதி அதுதான். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓர் அடி இடம், வலது காதில் பேருந்து. ஓரமாகவே போய், பேசாமல், ஒருவர் பின் ஒருவராக அதைக் கடந்தோம். அமிர்தாஞ்சன் பாலம் இருந்த இடம் இங்கேதான். 1830-இல் கட்டிய கல்பாலம். அதில் இருந்த தைல விளம்பரத்தால் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது இடித்துவிட்டார்கள். அந்தத் தைலமும் நம்மைப் போல இரண்டு ஊர்க்காரன்: 1893-இல் பம்பாயில் பிறந்து, 1914-இல் சென்னைக்குக் குடிபோனது. நாங்கள் எதிர்த்திசையில் வந்தோம், அவ்வளவுதான். பாலமில்லாத அந்த இடத்தைத் தாண்டிக் கண்டாலாவில் ஒதுங்கியதும் நண்பர் பையிலிருந்து மஞ்சள் குப்பியை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். மழையில் அது எங்கே பிடிக்கப் போகிறது? வாசனை மட்டும் மலை முழுவதும் அடித்தது.

லோனாவளா சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். 78 கிலோமீட்டர். அருவி பார்க்க வந்த கார்கள் ஊருக்குள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவற்றின் நடுவே சைக்கிளில் நுழைந்து போனது அன்றைய ஒரே ராஜபவனி. அண்ணாச்சி முந்தைய இரவு கட்டிக் கொடுத்த பொடி இட்லியைப் பிரித்தோம். நெடுந்தூரம் மிதிக்கிறவர்கள் ஏதேதோ வெளிநாட்டு ஜெல் பொட்டலங்களை உறிஞ்சுகிறார்கள். நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் பூசிய இட்லி, எட்டு மணி நேரம் கழித்து, நனைந்த விரல்களால் எடுத்துத் தின்னும்போது அதற்கு ஈடு இல்லை என்று நான் எங்கேயும் சாட்சி சொல்வேன். பிறகு சிக்கி. நமது கடலை மிட்டாய்தான். கோவில்பட்டிக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊர்க்காரன் என்ற முறையில் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அரை கிலோவா ஒரு கிலோவா என்று கேட்டார்.

*

நின்றால் குளிரும். பத்து நிமிடத்தில் பல் தட்டத் தொடங்கியது. சட்டைக்குள் மார்பில் ஒரு பழைய தமிழ் நாளிதழை மடித்து வைத்துக்கொண்டேன். இறங்கும்போது காற்று நெஞ்சில் ஏறாமலிருக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒன்றரை மணிக்குத் திரும்பினோம். இனி இறக்கம்தானே என்று எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு.

ஈரச் சக்கரத்தில் பிரேக் பிடித்தால் முதல் சுற்றில் எதுவும் நடக்காது. கட்டை தண்ணீரைத் துடைத்தெடுத்த பிறகுதான் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே, விட்டு விட்டு அழுத்த வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், மழைத் தண்ணீரோடு சக்கரத்தில் ஒட்டும் மண்ணும் பொடிக்கல்லும் அந்த ரப்பரை அரம் போல ராவும் என்பது. ஏற்கெனவே பாதி தேய்ந்த கட்டை. இரண்டு சாலையும் ஒன்றாகும் பகுதியின் முடிவில் பிடிமானம் குறைந்தது. கம்பியை முறுக்கி இறுக்கினேன். அடுத்த வளைவில் இன்னும் ஒரு முறுக்கு. அதற்கடுத்த வளைவில் முறுக்க மரையில்லை. லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. இரும்பும் இரும்பும் உரசும் ஒரு கீச்சொலி. எதிரே பால் வண்டி ஒன்று ஏறி வந்தது. உள்பக்கத்து மண்மேட்டில் வேண்டுமென்றே ஏற்றி, புதரில் விழுந்து நின்றேன். முழங்கையில் கொஞ்சம் தோல் போனது. செய்தித்தாள் நெஞ்சில் அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில் பயம் வரவில்லை. பிறகு, எழுந்து நின்று வளைவின் அடுத்த பக்கம் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் கால் நடுங்கியது. இறக்கம் என்றால் என்ன என்று ரயில்வேக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மும்பைப் பக்கம் இறங்கும் ரயில் நடுவழியில் நின்று பிரேக்கைச் சோதித்துக்கொண்டுதான் மேற்கொண்டு வரும். பிடிக்காமல் ஓடும் வண்டியை மேட்டுக்குத் திருப்பி நிறுத்த தனித் தண்டவாளமே போட்டு வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்கு உதவி ஒரு என்ஜின். இறங்குவதற்கு இத்தனை முன்னேற்பாடு. சிறுவயதில் திரும்பி வரும் பயணங்களில், எதற்கு இங்கே நிற்கிறான் என்று சலித்துக்கொண்டிருக்கிறோம்.

மற்ற மூவருக்கும் டிஸ்க் பிரேக். அவர்கள் கீழே போய்விட்டார்கள். நான் இறங்கித் தள்ளினேன். பேங்கர் நண்பரும் இறங்கினார். அவர் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் போங்கள் என்றேன். "பேங்கர் வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டால் அடுத்த வண்டிக்கு யார் பதில் சொல்வது?" என்றார். இருவரும் ஆளுக்கொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். இறங்கும் வண்டியைத் தள்ளுவது என்பது உண்மையில் பிடித்து இழுப்பது. கையும் தோளும் விட்டுப்போயின. சாலையைக் கடந்த சிறு நண்டுகளை மிதிக்காமல் நடந்தோம். நடக்கும்போதுதான் அவை கண்ணில் பட்டன. ஏறும்போது எத்தனையை நசுக்கினேனோ. சிங்கரோபா கோயிலில் என் நாணயத்தைத் தேடிப் பார்த்தேன். நிறைய நாணயங்கள் கிடந்தன.

ஆறு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம்.

கோபோலியில் ஒரு சைக்கிள் கடை பாதி திறந்திருந்தது. கடைக்காரர் என் பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ரப்பர் என்று எதுவும் இல்லை, இரும்புத் தகடு பளபளத்தது. "எங்கிருந்து இதோடு வந்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் மகனைக் கூப்பிட்டு அந்தத் தகட்டைக் காட்டினார். நாலு கட்டை, 120 ரூபாய். பழையதை நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

பிறகு தட்டைச் சாலை, எதிர்காற்று, இருட்டு. செம்பூர் சேர்ந்தபோது இரவு ஒன்பது பத்து. கைபேசி 157 காட்டியது.

*

வாக்குக் கொடுத்தது மிதிக்கும் கிலோமீட்டருக்கு. நான் மிதித்தது 151. அன்றிரவே நோட்டில் அப்படித்தான் எழுதினேன்: 92,412 ரூபாய். வாடகைக்கு 3,588 குறைந்தது. நண்பர்கள் திட்டினார்கள். போய்த் திரும்பியதுதானே முக்கியம் என்றார் ஒருவர். துண்டு விழுவதை எல்லோரும் பங்கு போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். காலையில் வீட்டுக்குத் திரும்பிப் போனவர் முழுத் தொகையையும் தானே தருவதாகச் சொன்னார். அவருக்கு அன்று முழுவதும் வீட்டில் நிம்மதியாக உட்கார முடியவில்லையாம். எனக்கு எதுவும் ஒப்பவில்லை. கணக்கு என்று ஒன்றை வைத்துக்கொண்டு 43 பேரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு, அதில் ஆறைச் சேர்த்துக்கொள்வது என்னால் ஆகவில்லை. இது நேர்மையா வீம்பா என்று அம்மா கேட்டாள். பதில் சொல்லாமல் தூங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் போனேன். அண்ணாச்சி சாம்பார் தூக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். பாக்கெட்டிலிருந்து பிரேக் கட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"151 ரூபாய், அண்ணாச்சி."

"157 என்றாயே."

"ஆறு கிலோமீட்டர் இறக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தேன். மிதிக்கவில்லை."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "மேம்பாலம் வந்தால் தினமும் நான் இறங்கித் தள்ளித்தான் ஏறுகிறேன், தள்ளித்தான் இறங்குகிறேன். அதற்காக இட்லிக்கு யாரும் காசு குறைத்ததில்லை."

மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, இட்லிப் பாத்திரத்தின் மூடியில் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கினார். பதினைந்து அடுக்கு, மேலே ஏழு. மூடி சூடாக இருந்ததால் நாணயங்களும் சூடாகியிருந்தன. நான் இரண்டு கையாலும் வாரிக்கொண்டேன்.

"கட்டைக்கு எவ்வளவு வாங்கினான்?"

"நாலுக்கும் சேர்த்து நூற்று இருபது."

"இங்கே அறுபதுதான்" என்றார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நாலு எட்டு தள்ளி, ஏறி உட்கார்ந்து, சந்து முனையில் ஹாரனை அழுத்தினார்.